நிலச்சரிவுக்கு 50 கோடி குடுத்தாங்களே, நம்ம கடல் அரிப்புக்கு அந்த மாதிரி ஃபண்டு ஏதும் இருக்கா?

தென்கடல்_வல்லம்:
எல்லாருக்கும் வணக்கம். ஊரு ராமநாதபுரம் மாவட்டத்துல ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவுல, சின்ன ஊர்தான். 2024 நவம்பர்ல மத்திய அரசு நிலச்சரிவு அபாயத்தைக் குறைக்கன்னு 15 மாநிலத்துக்கு 1000 கோடி ஒதுக்கி அதுல தமிழ்நாட்டுக்கு 50 கோடின்னு போட்டாய்ங்கல்ல, அது மலைக்குப் போகட்டும், வயநாட்டுல நடந்ததப் பாத்தப்புறம் யாரும் குறை சொல்லப் போறதில்ல. எங்க பக்கம் நெலமை என்னன்னா வருசா வருசம் கரை உள்ள வந்துக்கிட்டே இருக்கு. பனைமரம் அஞ்சாறு சாஞ்சு கெடக்கு, வேர்க்கட்டு அப்படியே வெளிய தெரியுது, மீன் ஏலக்கூடத்துத் தூணுக்கு அடில மண்ணு போயி கம்பி துருப்பிடிச்சு நிக்கிது. மீனவர் குறைதீர் கூட்டத்துல தூண்டில் வளைவு (கரைலருந்து கடலுக்குள்ள நீட்டிப் போடுற கல்லுச் சுவர்) கேட்டு மனு குடுத்தா "மதிப்பீடு தயாரித்து அரசுக்கு அனுப்பப்பட்டுள்ளது"ன்னு ஒரே பதிலு. மலைக்கு மேப்பு போட்டு அபாய இடம்னு குறிச்சு காசு ஒதுக்குற மாதிரி நமக்கும் வழி இருக்கா? யாருகிட்ட கேக்கணும்? தெரிஞ்சவுக சொல்லுங்க.

எஸ்டிமேட்_அண்ணன்:
தம்பி, வழி இருக்கு, ஆனா நீங்க கேக்குற பொருளுதான் தப்பான கவுண்ட்டர்ல நிக்கிது. கொஞ்சம் நீளமா சொல்றேன்.

மத்திய அரசும் மாநிலமும் காசை எப்படிப் பிரிச்சுக்கணும்னு சொல்ற 15வது நிதிக்குழுதான் (2021-26) மொத மொதல்ல பேரிடர் காசை ரெண்டாப் பிரிச்சுச்சு, 80 சதவீதம் நிவாரணம், 20 சதவீதம் தணிப்பு நிதி. அதாவது புயல் அடிச்சப்புறம் அரிசி, ரொக்கம் குடுக்குறது ஒரு பொட்டி, அடிக்கிறதுக்கு முன்னாடி செலவழிக்கிறது இன்னொரு பொட்டி. மாநிலத்து தணிப்பு நிதியில நம்மள மாதிரி மாநிலத்துக்கு மத்திய அரசு 75, மாநிலம் 25. தேசிய அளவுல தணிப்புக்குத் தனியா 13,693 கோடி வச்சாங்க, நீ சொல்ற நிலச்சரிவுத் திட்டம் அதுலருந்துதான் வந்துச்சு. இதுல பல பேருக்குத் தெரியாதது, அதே 13,693 கோடிக்குள்ளயே கரை அரிப்பைத் தடுக்க 1500 கோடி ஒதுக்கீடு இருந்துச்சு, ஆத்தங்கரை கடற்கரை ரெண்டுக்கும் சேத்து. அரிப்புல வீடு போனவுகள வேற எடத்துல குடி வைக்க 1000 கோடி, அது நிவாரணப் பக்கம்.

சிக்கல் எங்கன்னா, அதே நிதிக்குழு அறிக்கையில கடல் சுவர், வெள்ளக்கரை மாதிரி பெரிய கட்டுமானத்தையெல்லாம் தணிப்பு நிதியில போடாதீங்க, வழக்கமான திட்டத்துல பாத்துக்கோங்க, இது உள்ளூர் அளவுல மக்களைச் சேத்துக்கிட்டு செய்ற வேலைக்குன்னு தெளிவா எழுதியிருக்கு. நீ கல்லு கேட்டா ஃபைலு மீன்வளத் துறை, நீர்வளத் துறைன்னு அங்கிட்டும் இங்கிட்டும் சுத்தும். கரை அளவெடுப்பு, மணல்மேட்டைக் காப்பாத்துறது, அலையாத்தி நடுறது, எச்சரிக்கை ஏற்பாடு, ஏலக்கூடத்தை உள்ள தள்ளிக் கட்டுறதுன்னு கேட்டா இந்தப் பொட்டிக்குப் பொருந்தும்.

வடகடல்_62:
அலையாத்தி நட்டு முடிக்கிறதுக்குள்ள ஊரே போயிரும்ணே 😄 கல்லு போட்டா அடுத்த மாசமே தெரியும்ல?

எஸ்டிமேட்_அண்ணன்:
தெரியும், பக்கத்து ஊர்ல. கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) காலத்துல மணல் ஒரு பக்கமா நகரும், வாடையில எதிர்ப்பக்கம். நடுவுல தூண்டில் வளைவு நீட்டிட்டா வர்ற மணல் அங்கேயே தங்கி உனக்கு கரை சேரும், அடுத்த ஊருக்குப் போக வேண்டிய மணல் போகாம அவன் கரை கரையும். அவனும் மனு குடுப்பான், இப்படியே வரிசையா போகும். தூண்டில் வளைவே வேணாம்னு நான் சொல்லல, படகு நிறுத்த அணைப்பு வேணும்ங்கிற ஊருக்கு அது தேவைதான். ஆனா மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை சம்மதம், சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டல) அனுமதி எல்லாம் தாண்டணும், அதுக்கு கரையோட பல வருச அளவு இல்லாம யாரும் கையெழுத்து போட மாட்டாங்க. நம்ம பக்கம் 21 தீவுல ரெண்டு முங்கியே போச்சு, அந்தக் காலத்துல பவளப்பாறைய வெட்டி வெட்டி எடுத்ததுக்கு அதுல பெரிய பங்கு உண்டு. தூத்துக்குடிப் பக்கம் வான் தீவு கரைஞ்சப்ப செயற்கைப் பாறைய கடலுக்குள்ள எறக்கித்தான் நிறுத்துனாங்க, கரைல கல்லக் கொட்டி இல்ல.

கோத்தகிரி_லைன்வீடு:
ஊருக்குச் சம்பந்தம் இல்லாத ஆளுன்னு நினைக்காதீங்க, எங்க தாத்தா இலங்கைலருந்து கப்பல்ல வந்து மண்டபம் கேம்ப்ல தங்கித்தான் இங்க நீலகிரியில டான்டீங்கிற அரசு தேயிலைத் தோட்டத்துக்கு வந்தாரு. மேப்பு இருந்தா காசு வந்துரும்னு நினைக்கிறீங்கல்ல, அதப் பத்தி சொல்றேன். இந்திய புவியியல் ஆய்வுத் துறை 2014ல ஆரம்பிச்சு மலைநாடு பூராவும் நிலச்சரிவு மேப்பு போட்டுச்சு, சரிவு எவ்வளவு, மண்ணு எவ்வளவு ஆழம், என்ன பயிர், முன்னாடி எங்க சரிஞ்சதுன்னு எல்லாத்தையும் வச்சு. அளவு 1:50,000, அதாவது மேப்புல ஒரு சென்டிமீட்டர் தரையில அரை கிலோமீட்டர். எங்க லைன் வீடு (தோட்டத் தொழிலாளிக வரிசை வீடு) பூராவுமே அதுல ஒரு புள்ளிக்குள்ள அடங்கிரும். வட்டாரம் அபாயம்னு தெரியும், எந்த வீட்டுக்குப் பின்னாடி மண்ணு எறங்கும்னு தெரியாது, அதுக்கு ஆளு நேர்ல வந்து பெரிய அளவுல சர்வே பண்ணணும். 2009 நவம்பர் மழைல இங்க 40 பேருக்கு மேல செத்தாங்க, அதுக்கப்புறம் அபாய இடம்னு லிஸ்ட் எல்லாம் போட்டாங்க, ஆனாலும் வீட்டுக்காக, ரிசார்ட்டுக்காக சரிவ வெட்டுறது நிக்கல. 2024 ஜூலைலருந்து நீலகிரிக்கு தினசரி நிலச்சரிவு முன்னறிவிப்பு வருது, அதுல எனக்கு நம்பிக்கை இருக்கு, ரோட்டோரச் சரிவுல மண்ணுக்குள்ள கம்பி அடிச்சு புல்லு வளக்குற வேலையும் பல எடத்துல நல்லாவே நிக்குது. ஆனா காசு மொதல்ல போறது ரோட்டுக்குத்தான், லைன் வீட்டுக்கு இல்ல. நீங்க கேக்குறப்பவே குடியிருப்புன்னு அழுத்திக் கேளுங்க.

தென்கடல்_வல்லம்:
அக்கா ரொம்ப நன்றி, இது யாருமே சொல்லல. அண்ணே, அப்ப எங்க கரைக்கு மேப்பே இல்லையா?

எஸ்டிமேட்_அண்ணன்:
இருக்குப்பா. சென்னையில இருக்குற தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990லருந்து 2018 வரைக்கும் சாட்டிலைட் படத்தை வச்சு இந்தியா பூரா கரையப் பாத்துச்சு, தமிழ்நாட்டுக் கரையில கிட்டத்தட்ட 43 சதவீதம் அரிப்புன்னு வந்துச்சு. ஆனா அக்கா சொன்ன கதைதான், உன் ஏலக்கூடம் அதுல தெரியாது. அத நீங்கதான் காட்டணும். கரைலருந்து உள்ள தள்ளி அசையாத எதையாவது புடிச்சுக்கோங்க, கோயில் சுவர், பள்ளிவாசல் சுவர், தண்ணித் தொட்டி, எதுனாலும் சரி. அங்கருந்து தண்ணி விளிம்பு வரைக்கும் டேப்பு புடிச்சு அளந்து தேதி போட்டு எழுதுங்க, அதே எடத்துல நின்னு போட்டோ எடுங்க, வாடைக்கு முன்னாடி ஒருக்கா வாடை முடிஞ்சு ஒருக்கா. கடல் தண்ணி ஏறுறது வத்துறது பாத்து ஒரே மாதிரி நேரத்துல அளங்க, இல்லாட்டி ஆபீஸர் மொத கேள்வியே அதத்தான் கேப்பாரு.

அப்புறம் மனுவ மீன்வளத் துறைக்கு மட்டும் குடுக்காதீங்க. 2005 பேரிடர் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு கலெக்டர்தான் தலைவர், மாவட்டப் பேரிடர் திட்டம்னு ஒண்ணு வருசா வருசம் திருத்துவாங்க, அதுல உங்க ஊரு பேரு அரிப்பு எடமா ஏறணும். மாநிலம் டில்லிக்கு புரொப்போசல் அனுப்புறப்ப அந்தத் திட்டத்தத்தான் பொரட்டுவாங்க. கிராம சபைல தீர்மானம் போட்டு நகல் இணைச்சுக் குடுங்க, அக்னாலெட்ஜ்மென்ட் வாங்காம வராதீங்க.

வடகடல்_62:
16வது நிதிக்குழு காலம் 2026 ஏப்ரல்லருந்துல்ல, இதே தலைப்பு அதுலயும் இருக்குமா?

எஸ்டிமேட்_அண்ணன்:
ஒதுக்கீடு மாறலாம், மனு குடுக்குறப்ப அப்ப இருக்குற வழிகாட்டி நெறியப் பாத்து தலைப்ப எழுதிக்கோங்க. தணிப்பு நிதி 2005 சட்டத்துலயே இருக்கு, அது எங்கயும் போகாது. வல்லம் தம்பி, ஒண்ணு மட்டும், தீர்மானம் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்து ஊர்த் தலைவர்ககிட்டயும் போய் உக்காந்து பேசிரு. அவுக எதிர்ப்பு மனு குடுத்தா ஃபைலு அங்கனயே நின்னுரும், மூணு ஊரும் ஒரே மனுவாக் குடுத்தா அளவெடுக்க ஆளு சீக்கிரம் வருவாய்ங்க.