பீடத்துக்குப் பின்னால் கிரானைட்டும் எல்இடியும்: அழகா, ஆடம்பரமா?

வைகைக்கரை (கேள்வி):
மதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக் கத்தோலிக்கப் பங்கு. நூறு வருஷத்துக்கு மேலான செங்கல் சுண்ணாம்புக் கோவில். பீடத்தின் பின்சுவரில் கறுப்பு கிரானைட் ஒட்டி, பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவத்தை) சுற்றி நிறம் மாறும் எல்இடி பட்டை வைக்கலாம் என்று பங்குப் பேரவையில் பேச்சு. "ஆண்டவருக்குச் செய்றதுல என்ன கணக்கு" என்று ஒரு தரப்பு. "அந்தக் காசுக்கு நாலு பிள்ளைகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டலாம்" என்று இன்னொரு தரப்பு. இரண்டு பேரும் வசனம் சொல்கிறார்கள். அழகைப் பற்றித் திருச்சபை உண்மையில் என்ன சொல்லியிருக்கிறது? கூட்டத்தில் எடுத்துப் பேசுகிற மாதிரி சொல்லுங்கள். இன்னொன்று: பின்சுவர் அடியில் மூன்றடி உயரத்துக்குப் பூச்சு உதிர்கிறது. கிரானைட் போட்டால் அது மறைந்துவிடும் என்பதும் ஒரு வாதம்.

மறைக்கல்வி மேசை:
எல்இடி தரப்பு "ஒளி" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளும், அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள். அழகுக்கு மூன்று வேண்டும் என்கிறார் இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ்: முழுமை, தகுந்த அளவுப் பொருத்தம், கிளாரித்தாஸ் எனும் ஒளிர்வு. இதை அவர் கலையைப் பற்றிப் பேசும்போது சொல்லவில்லை. 'சும்மா தியோலஜியே' என்ற தம் இறையியல் நூலின் முதல் பாகம், 39ஆம் வினா, 8ஆம் பிரிவில், மூவொரு கடவுளைப் பற்றிப் பேசும்போது சொல்கிறார். அழகை மகனாகிய கிறிஸ்துவுக்கு உரியதாக்குகிறார். தந்தையின் இயல்பு முழுவதும் மகனிடம் இருப்பதால் முழுமை. தந்தையின் சரியான சாயல் என்பதால் பொருத்தம். வார்த்தையாக இருப்பதால் ஒளிர்வு. அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார்: அழகில்லாத பொருளை வரைந்தாலும், உள்ளபடி காட்டினால் அந்தப் படம் அழகானதுதான். அப்படியானால் கிளாரித்தாஸ் என்பது ஒரு பொருள் தான் இன்னது என்று வெளியே தெரிய நிற்பது. அதற்கு வாட் கணக்கு கிடையாது.

இதை உங்கள் சுவரில் பொருத்திப் பாருங்கள். பளபளப்பாக்கிய கறுப்புக் கல் கண்ணாடி மாதிரி வேலை செய்யும். முன்வரிசையில் இருப்பவருக்குச் சுரூபத்துக்குப் பின்னால் டியூப் லைட்டும் சுழலும் ஃபேனும் தெரியும். நிறம் மாறும் பட்டை கண்ணை விளிம்புக்கு இழுக்கும். நடுவில் இருப்பவர் நிழலாகிவிடுவார். காசு கொடுத்துச் சுரூபத்தை மறைப்பதுதான் மிச்சம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு (1963), 124ஆம் எண்ணை அச்சடித்துக் கொண்டுபோங்கள். வெறும் ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகையே நாட வேண்டும் என்பது அதன் கருத்து. 125ஆம் எண்ணில் சுரூபங்கள் மிதமான எண்ணிக்கையில், சரியான ஒழுங்கில் இருக்க வேண்டும் என்று வரும். உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை நடைமுறைக்கு இறங்கிவிடும்: பீடத்தைச் சுற்றி நடக்க இடம் வேண்டும், பூக்கள் பீடத்தின் மேசைமேல் வேண்டாம், சுற்றி வைக்கலாம், நற்கருணைப் பேழை அருகே எரிவது எண்ணெய் அல்லது மெழுகு விளக்கு. இந்தக் கடைசியைத்தான் எல்லோரும் மறந்துவிட்டு சிவப்பு பல்பு மாட்டுகிறோம். வேலை தொடங்கும் முன் வரைபடத்தை மறைமாவட்டத் திருவழிபாட்டுக் குழுவிடம் காட்டுங்கள்.

அரசரடி வாசகன்:
நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பக்கம், எங்கள் மொழிபெயர்ப்பில் சொல்கிறேன். சங்கீதம் 27:4இல் "கர்த்தருடைய மகிமையைப் பார்க்கும்படியாகவும்" என்று படிக்கிறோம். எபிரேயத்தில் அங்கே இருப்பது நோஅம்: இனிமை, அழகு. யோவான் 10:11இல் "நல்ல மேய்ப்பன்". கிரேக்கத்தில் காலோஸ், அழகுக்கும் அதே சொல்தான். நம் காதில் அழகு விழாமலே போனதற்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணம்.

காலேஜ் ஃபீஸ் வாதத்துக்கு மறுப்பாக மாற்கு 14 வரும், தயாராக இருங்கள். முந்நூறு பணத்துக்கு மேல் பெறும் தைலத்தை ஒருத்தி இயேசுவின்மேல் ஊற்றுகிறாள். தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று முறுமுறுக்கிறார்கள். "என்னிடத்தில் நற்கிரியையைச் செய்திருக்கிறாள்" என்கிறார் இயேசு. "நல்ல" என்பதற்கு அங்கேயும் காலோன்தான். ஆனால் அடுத்த வசனத்தின் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். தரித்திரருக்கு மனதுண்டாகும்போதெல்லாம் நன்மை செய்யலாம் என்பது மீதிப் பாதி. பழங்காலத் திருச்சபையின் ஆயர் யோவான் கிறிசோஸ்தோம் மத்தேயு நற்செய்தி பற்றிய 50ஆம் பிரசங்கத்தில் பட்டென்று கேட்கிறார்: ஆலயத்துக்குள் கிறிஸ்துவுக்குப் பட்டு, வெளியே ஏழையின் உருவில் அவரையே குளிரில் நிர்வாணமாக விட்டுவிடுவதா? ஆலயத்தை அலங்கரிக்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. முதலில் பசித்தவனுக்குச் சோறு, மிச்சத்தில் மேசைக்கு அலங்காரம். இந்த வரிசையை மட்டும் பேரவைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.

சிலுவைக்கு நிறம் மாறும் விளக்கு வேண்டாம் என்பதற்கு ஏசாயா 53:2 போதும்: "அவருக்கு அழகுமில்லை, செளந்தரியமுமில்லை." சங்கீதம் 45:2இலோ "எல்லா மனுபுத்திரரிலும் நீர் மகா சௌந்தரியமுள்ளவர்." இரண்டையும் ஒரே ஆளுக்கு, கிறிஸ்துவுக்கு, சேர்த்துப் பார்க்கிறார் பழங்காலத் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன். அந்தச் சங்கீதத்துக்கான விளக்கத்தில், வானத்தில் அழகு, தாய் வயிற்றில் அழகு, சிலுவை மரத்தில் அழகு, கல்லறையில் அழகு என்று அடுக்கிக்கொண்டே போவார். மரத்தில் தொங்குகிறவரின் அழகு எங்கே இருக்கிறது என்று அந்த மறைக்கல்வி அண்ணனின் மூன்றாவது நிபந்தனையான ஒளிர்வோடு வைத்துப் பாருங்கள்.

கொத்தனார் மேசை:
இறையியலை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சுவர் விஷயத்தில் கிரானைட் போடவே போடாதீர்கள் அண்ணே. மூன்றடி உதிர்வது தரையிலிருந்து ஏறும் ஈரம். சுண்ணாம்புச் சுவர் அந்த ஈரத்தை முகத்தால் வெளியே விடும். போகும்போது உப்பு பூத்துப் பூச்சைத் தள்ளும். முகத்தைக் கல்லாலும் சிமென்டாலும் அடைத்தால் ஈரம் நிற்காது, கல்லுக்கு மேலே ஏறும். இப்போது மூன்றடி, அப்புறம் ஆறடி. ஒட்டிய கல்லும் கழன்று வரும்.

செய்ய வேண்டியது: உதிர்கிற பூச்சை, அதற்கு மேலும் ஒரு அடி வரை, செங்கல் தெரிய உரியுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு உள்ளேயே போகும். சில வாரம் ஆறவிட்டு, சுண்ணாம்புக் காரையால் பூசுங்கள். அதில் சிமென்ட் ஒரு கரண்டிகூட வேண்டாம். அது காய்ந்தபின் வெள்ளை: நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, பால் பதத்தில் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக மூன்று கோட், கோட்டுக்கு ஒரு நாள் இடைவெளி. ஒரே தடியாக அடித்தால் பொரிப்பொரியாக உதிரும். ஒட்டுவதற்காகப் பசை கலப்பது இங்கே வழக்கம். அதுவும் சுவரின் வாயை மூடும்.

பளபளப்பு வேண்டும் என்று அடம்பிடித்தால் திருமலை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப்போங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும்தான், முட்டை வெள்ளைக்கருச் சேர்ந்த பூச்சு. 1894இல் கட்டிய இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் கோவிலும் பக்கம்தான். அச்சில் வார்த்த சுட்ட மண் வேலைப்பாடு எப்படி நிற்கிறது என்று பேரவைக்காரர்கள் நேரில் பார்க்கட்டும்.

விளக்குக்கு 2700 முதல் 3000 கெல்வின் (இளமஞ்சள் வெளிச்சம்), சிஆர்ஐ (பொருளின் நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேல், நிறம் மாறாதது. கூரையிலிருந்து, நேர் கீழ்நோக்கிய கோட்டுக்குச் சுமார் 30 டிகிரி சரிவில் சுரூபத்தின்மேல் ஒன்று போதும். நேர் மேலிருந்து அடித்தால் முகம் இருட்டாகிவிடும்.

வைகைக்கரை:
வெளிப்பக்கம் சுவரை ஒட்டியே சிமென்ட் தரை போட்டிருக்கிறோம். அதுதான் காரணமா?

கொத்தனார் மேசை:
பெரும்பாலும் அதுதான். மண்வழியே வெளியேற வேண்டிய ஈரத்துக்கு இப்போது சுவர் மட்டுமே வழி. சுவரோரம் ஒன்றரை அடி அகலத்துக்குச் சிமென்டை வெட்டி எடுத்து, ஒரு அடி ஆழத்துக்குச் சரளை போடுங்கள். அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்ட வேண்டாம். கூரைத் தண்ணீர் அங்கே விழாமல் குழாய் வைத்துத் தள்ளி விடுங்கள். இதை முதலில் செய்துவிட்டு உள்ளே கை வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் பூச்சு காய்ந்திருக்க வேண்டும்.