ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியவில்லை: விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டேனா?

கேள்வி:
பக்கவாதத்தால் என் மாமியார் படுக்கையில் விழுந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருப்பதால், ஆலயத்துக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் நான் போவதே நின்றுவிட்டது. விடியற்காலையில் வேதாகமத்தைத் திறந்தால் இரண்டாம் வசனத்திலேயே கண் செருகிவிடுகிறது. "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேட வேண்டும்" என்று சபையில் மூத்தவர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். சரி, அன்போடாவது செய்கிறேனா என்றால், ஊட்டிய கஞ்சியை அவர் துப்பும்போது எரிச்சல்தான் வருகிறது. விசுவாசமும் இல்லாமல் அன்பும் இல்லாமல் வாழ்கிறேனோ?

மறுமொழி 1:
சகோதரி, அந்த வசனத்தைச் சொன்னவர் 1 தீமோத்தேயு 5:8-ஐயும் வாசித்திருக்கலாம். தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று பவுல் அங்கே ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். காணிக்கையைக் காரணம் காட்டித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை, மாற்கு 7-ஆம் அதிகாரத்தில், "கொர்பான்" (தேவனுக்குக் காணிக்கை) என்ற அவர்களுடைய சொல்லைக் கொண்டே இயேசு கண்டித்தார்.

மறுமொழி 2:
எரிச்சலைப் பற்றி யாராவது பேச வேண்டும். 1 கொரிந்தியர் 13-இல் அன்பு இன்னதென்று விவரிக்கத் தொடங்கும் பவுல், முதலில் வைப்பது "நீடிய சாந்தம்". எரிச்சலூட்டும் ஒன்று எதிரில் இல்லாவிட்டால் அதற்கு வேலையே இல்லை. கலாத்தியர் 5:6-இல் "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசமே உதவும்" என்று அவர் எழுதியதும், விருத்தசேதனம் என்ற வெளி அடையாளத்தை வைத்து ஒருவரை அளந்த சண்டையின் நடுவில்தான். நம் சபைகளில் ஆராதனை வருகைப் பதிவு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதோ என்று எனக்குச் சில வேளை தோன்றும். டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், 1931-இல் விழுந்து காயமடைந்த பின், 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். அவரைப் பராமரித்தவர்களில் அவர் வளர்த்த பெண்களும் இருந்தார்கள். அந்த அறையில் நடந்த பணிவிடையை ஊழியம் இல்லை என்று யார் சொல்வார்?

மறுமொழி 3:
மேலே உள்ளவற்றை ஏற்கிறேன். ஆனாலும் ஒரு மறுப்பு உண்டு. பணிவிடையே ஜெபம் என்று சொல்லி இவரைத் தனியாக விட்டுவிட்டால், ஒரு வருடத்தில் கசப்புத்தான் மிஞ்சும். என் தகப்பனாரைப் பார்த்துக்கொண்ட காலத்தில் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. ஆகவே, வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கும்படி ஆயரிடம் கேளுங்கள். உங்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்லும் சங்கத்துப் பெண்களில் ஒருவரை, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் உங்கள் மாமியாரின் பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
ஆயரிடம் பேசிவிட்டேன், வியாழக்கிழமை வருகிறார். அத்தையால் அப்பத்தை விழுங்க முடியாதே என்று தயங்கினேன். திராட்சரசத்தில் நனைத்து நகக்கண் அளவு கொடுத்தால் போதும் என்றார்.