இரவு ஏழரை மணி கால் வேண்டுமா, வேண்டாமா? (சென்னை – நியூயார்க் அணிகளுக்கு)

வேலிக்காத்தான்:

பேச வசதியாக ஒரு மென்பொருள் அணியை வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 பேர். சென்னையில் ஏழு (ஐந்து டெவலப்பர், இரண்டு டெஸ்டர்), நியூயார்க்கில் ஐந்து (என்ன செய்ய வேண்டும் என்று முடிவு சொல்லும் புராடக்ட் ஓனர், ஆர்க்கிடெக்ட், மூன்று டெவலப்பர்). வேலை இரண்டு வாரத் தவணையாக, அதாவது ஸ்பிரிண்டாக, நடக்கிறது. அவர்களுக்குக் காலை 9 மணி, நமக்குக் குளிர்காலத்தில் இரவு 7.30. தினமும் அந்த நேரத்துக்கு ஸ்டாண்டப் கால் (அவரவர் வேலை நிலவரத்தைச் சொல்லும் அழைப்பு). பெயரளவில் 15 நிமிடம், முடிய 45 ஆகிறது.

12 பேர், 45 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 9 மணி நேரம். பத்து வேலை நாளில் 90 மணி நேரம். ஓர் ஆளின் இரண்டு வார உழைப்பே 80 மணிதான். பதின்மூன்றாவதாக ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, "நேற்று இதைச் செய்தேன், இன்று அதைச் செய்வேன்" என்று மட்டும் சொல்ல வைப்பதற்குச் சமம் இது. இத்தனைக்கும் நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற அந்த மூன்று கேள்விகளை, இந்த வேலைமுறையின் மூலநூலான ஸ்க்ரம் வழிகாட்டியே 2020 பதிப்பில் எடுத்துவிட்டது. நாம்தான் பிடித்துத் தொங்குகிறோம்.

என் யோசனை: தினசரிக் காலை நிறுத்த வேண்டும். கிளம்பும் முன் அவரவர் டிக்கெட்டிலேயே (ஒவ்வொரு வேலைக்கும் உள்ள பதிவு) கைமாற்றுக் குறிப்பு எழுத வேண்டும். பேசுவது வாரம் ஒருமுறை போதும். மறுப்பவர்கள் வரலாம்.

தாழங்குடை:

காலை வெட்டிவிட்டு நடக்கச் சொல்கிறீர்கள் :)

90 மணிக் கணக்கு சரி. காத்திருக்கும் கணக்கை ஏன் போடவில்லை? சென்னையில் காலை 11க்கு ஒருவருக்குச் சந்தேகம் வருகிறது. நியூயார்க்கில் அப்போது நள்ளிரவு 12.30. ஓனர் 9 மணிக்கு வந்து பதில் போடும்போது நமக்கு இரவு 7.30, கேட்டவர் லேப்டாப்பை மூடியிருப்பார். பதில் அவர் கண்ணில் படுவது மறுநாள் காலை 9.30க்கு. ஒரு கேள்விக்கு 22 மணி 30 நிமிடம். வந்த பதிலும் "எந்த ஸ்கிரீனைச் சொல்கிறீர்கள்?" என்று எதிர்க்கேள்வியாக இருந்தால் இன்னொரு நாள் போச்சு. மூன்று சுற்று சுற்றினால் பத்து நாள் ஸ்பிரிண்டில் மூன்று நாள் காலி. இதையே வாயால் கேட்டால் நாலு நிமிடம்.

கால் 45 நிமிடம் ஓடுகிறது என்றால் அதை 15க்குள் நடத்தத் தெரியவில்லை என்று பொருள். அப்படி நடத்தினால் உங்கள் 90 மணி 30 ஆகிவிடும். தலைவலிக்குத் தலையை எடுக்க வேண்டாம்.

வேலிக்காத்தான்:

மூன்று சுற்று சுற்றுவது கேள்வி அரைகுறையாக இருப்பதால். கைமாற்றுக் குறிப்பு என்று சொல்லிவிட்டு நாம் எழுதுவது இப்படி இருக்கிறது:

"ஓடிபி வேலை நடக்கிறது. 80 சதவீதம் முடிந்தது. லாக் பற்றி கிளாரிஃபிகேஷன் தேவை."

இதைப் படிப்பவர் என்ன பதில் சொல்ல முடியும்? எழுத வேண்டியது:

"டிக்கெட் 412. தவறான ஓடிபியை மூன்று முறை போட்டால் அக்கவுண்ட் பூட்டிக்கொள்வது முடிந்தது, ஸ்டேஜிங்கில் (சோதனை சர்வரில்) பார்க்கலாம். கேள்வி: பூட்டு எப்படித் திறக்க வேண்டும்? (அ) 15 நிமிடத்தில் தானாக, (ஆ) ஹெல்ப்டெஸ்க் வழியாக மட்டும். எனக்கு (அ) சரியாகப் படுகிறது. நாளை இந்திய நேரம் காலை 10க்குள் பதில் இல்லையென்றால் (அ) என்று வைத்துத் தொடர்கிறேன். நிமிடக் கணக்கு கான்ஃபிகில் (அமைப்புக் கோப்பில்) இருக்கிறது, பிறகு மாற்ற ஒரு வரி போதும். மாற்று வேலை: 415ஐ எடுத்துவிட்டேன்."

எங்கே நிற்கிறது, தேர்வுகள் எவை, பதில் வராவிட்டால் என்ன செய்வேன், முடிவு தவறானால் திருத்த எவ்வளவு ஆகும், காத்திருக்கும் நேரத்தில் கையில் என்ன வேலை. இவ்வளவும் இருந்தால் இரண்டாவது சுற்றுக்கு வேலையே இல்லை. பதிலே வராவிட்டாலும் வண்டி நிற்காது. எழுத எட்டு நிமிடம் ஆகும்.

பனையோலை:

டெஸ்டிங் பக்கத்திலிருந்து ஒன்று. "பதில் இல்லையென்றால் தொடர்கிறேன்" என்பதை எல்லாவற்றுக்கும் பயன்படுத்த விடக்கூடாது. கான்ஃபிகில் ஒரு வரி மாற்றுவதற்குச் சரி. டேட்டாபேஸ் டேபிள் அமைப்பு, பிற மென்பொருள்கள் நம்மோடு பேச வெளியே கொடுக்கும் ஏபிஐ, பணம் கழிக்கும் இடம், இந்த மூன்றிலும் பதில் வரும்வரை நிறுத்தித்தான் ஆக வேண்டும். டேபிளில் டேட்டா ஏறிய பிறகு திருத்துவது ஒரு வரி வேலையாக இருக்காது.

டெஸ்டருக்கு வரும் குறிப்பில் பில்ட் எண் (எந்தப் பதிப்பு), எந்த என்விரான்மென்ட் (எந்தச் சர்வர்), எந்த டெஸ்ட் அக்கவுண்ட், இவை கட்டாயம். "ஸ்டேஜிங்கில் போட்டாச்சு" என்று மட்டும் எழுதிவிட்டுத் தூங்கப் போனால், பழைய பில்டில் ஒரு நாள் முழுக்கச் சோதித்து அதே பழைய பக்குகளைத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று, காலோ எழுத்தோ எதுவும் தீர்க்காத விஷயம்: சாவி. ஸ்டேஜிங் சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் உரிமை நியூயார்க்கில் ஒருவரிடம் மட்டும் இருந்து, அது இந்திய நேரம் காலை 11க்கு விழுந்தால் சென்னையில் ஏழு பேரும் அன்று டீ குடிக்கலாம். சர்வரில் ஏற்றும் (டிப்ளாய்) உரிமை ஒவ்வொரு ஊரிலும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். இரண்டு ஏன் என்றால் ஒருவர் லீவு போடுவார்.

தாழங்குடை:

எழுத்தின் மேல் உங்களுக்கு இவ்வளவு நம்பிக்கை என்றால் ஏர்பஸ் ஏ380 கதையைப் பாருங்கள். ஒரு விமானத்துக்கு சுமார் 530 கிலோமீட்டர் கம்பி. ஜெர்மனியின் ஹாம்பர்க் அணி டிசைன் மென்பொருளின் பழைய பதிப்பில், பிரான்சின் துலூஸ் அணி புதிய பதிப்பில். வரைபடம், ஃபைல், எதற்கும் குறைவில்லை. பொருத்தும்போது கம்பிகளின் நீளம் போதவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டு தாமதம். ஃபைல் கைமாறியதை வைத்து விஷயமும் கைமாறிவிட்டது என்று இரு பக்கமும் நினைத்ததுதான் கோளாறு. பேசியிருந்தால் "நீங்கள் எந்தப் பதிப்பு?" என்று முதல் வாரமே வெளிவந்திருக்கும்.

கருங்காலி:

அந்த உதாரணம் உங்கள் பக்கம் நிற்காது, தாழங்குடை. ஒரே நிறுவனம், பக்கத்துப் பக்கத்து நாடு, நேர வித்தியாசமே கிடையாது. பேசாமலா இருந்திருப்பார்கள்? இரு பக்க வேலையையும் சீக்கிரமே ஒன்றாகச் சேர்த்துப் பார்க்காததுதான் அங்கே பிழை. நம் மொழியில் சொன்னால் மெர்ஜ் செய்யாமல் (ஒன்று சேர்க்காமல்) மாதக்கணக்கில் தனித்தனி பிராஞ்சில் (கோடின் தனி நகலில்) ஓட்டுவது. பிராஞ்ச் இரண்டு நாளுக்கு மேல் உயிரோடு இருக்கக்கூடாது, புல் ரிக்வெஸ்ட் (சேர்க்கச் சொல்லி ரிவ்யூவுக்கு அனுப்பும் மாற்றம்) 300 வரியைத் தாண்டக்கூடாது. நேர வித்தியாசம் உள்ள அணிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 1,200 வரி ரிவ்யூவை நியூயார்க்காரர் காலையில் திறந்து பார்த்து, மூடிவிட்டு, "நாளைக்கு" என்பார். அந்த நாளை நமக்கு நாளை மறுநாள்.

எழுத்துக்கு எதிராகப் பேச வேண்டுமென்றால் 1999இல் நாசா இழந்த ஆர்பிட்டரை (செவ்வாயைச் சுற்ற அனுப்பிய விண்கலம்) சொல்லுங்கள். டென்வரில் கலத்தைக் கட்டியவர்களின் மென்பொருள் பவுண்டு கணக்கில் எண்ணைக் கொடுத்தது, பாசடீனாவில் இருந்த நாசா ஆய்வகத்தில் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டார்கள். 4.45 மடங்கு வித்தியாசம். எண்கள் ஒத்துப்போகவில்லை என்பது முன்பே சிலர் கண்ணில் பட்டது. அதை முறையான பிரச்சினைப் பதிவாகப் போடாமல் மின்னஞ்சலில் தீர்க்கப் பார்த்தார்கள் என்று விசாரணைக் குழுவே எழுதியது. எழுதினால் மட்டும் போதாது. சொந்தக்காரர் பெயரும் "மூடப்படவில்லை" என்ற நிலையும் உள்ள இடத்தில் எழுத வேண்டும். ஸ்லாக் அரட்டையில் எழுதுவது ஆற்றில் எழுதுவது.

முள்ளங்கி:

இவ்வளவு எதுக்கு? மவுஸ் அசையுதான்னு பார்க்கிற சாஃப்ட்வேர் போடுங்க. வேலை தானா நடக்கும்.

பனையோலை:

மவுஸ் அசையும், முள்ளங்கி. டிக்கெட் அசையாது. மவுஸை ஆட்டிவிட ஒரு சின்னக் கருவியே கடையில் கிடைக்கிறது.

நுணா:

இரண்டு பக்கமும் மொழியை விட்டுவிட்டீங்க. நம்ம ஊரில் "பார்க்கிறேன் சார்" என்றால் பாதி நேரம் "முடியாது"ன்னு பொருள். அதையே "ஐ வில் ட்ரை" என்று கிளையண்ட்டிடம் சொன்னால் அவர் வெள்ளிக்கிழமை முடியும்னு குறித்துக்கொள்வார். காலில் "எல்லாருக்கும் புரிந்ததா?" என்று கேட்டால் ஏழு பேரும் எஸ். மேனேஜர் கேட்டுக்கொண்டிருக்கும்போது யார் நோ சொல்வாங்க? அப்போ கால் வைத்ததால் 22 மணி நேரம் மிச்சம் என்று தாழங்குடை சொல்வது பாதிதான் உண்மை. புரியாதது மூன்று நாள் கழித்து டெமோவில் தெரியும்.

செய்ய வேண்டியது: கேட்டவர்தான் எழுத வேண்டும், சொன்னவர் அல்ல. கால் முடிந்த அரை மணிக்குள் வேலையை வாங்கிக்கொண்டவர் மூன்று வரியில் "நான் புரிந்துகொண்டது இது, இதில் சேராதது இது, முடிந்தது என்பதற்கு அடையாளம் இது" என்று டிக்கெட்டில் போடணும். "இதில் சேராதது" என்ற வரியில்தான் தகராறு எல்லாம் முன்கூட்டியே வெளியே வரும். "முடியுமா?" என்றும் கேட்கக்கூடாது. "வெள்ளிக்குள் முடிய எது தடையாக இருக்கும்?" என்று கேட்டால், மரியாதை குறையாமலே முடியாது என்று சொல்ல வழி கிடைக்கும்.

தாழங்குடை:

நுணா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் குரலில் வரும் தயக்கம் எழுத்தில் வராதே? "ம்ம்... செய்துடலாம்" என்ற அந்த "ம்ம்" எந்த டிக்கெட்டிலும் ஏறாது. புதிதாகச் சேர்ந்தவருக்கும், சிக்கலான டிசைனுக்கும் கால் வேண்டும். அதை விட்டுத்தர மாட்டேன்.

வேலிக்காத்தான்:

புதியவருக்கு முதல் நான்கு வாரம் தினமும் 20 நிமிடம், ஒரே ஒரு ஆளோடு. ஒப்புக்கொள்கிறேன். டிசைனுக்கும் சரி, அந்த டிக்கெட்டைத் தொடுகிறவர்கள் மட்டும், அதிகம் போனால் நான்கு பேர். பன்னிரண்டு பேர் தினமும் கூடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

கருங்காலி:

நடுவழி ஒன்று: கூட்டமில்லாத பொது நேரம். குளிர்காலத்தில் இந்திய நேரம் 7.30 முதல் 8.15 வரை இரு பக்கமும் இருவர் மட்டும், வாரம் மாற்றி வாரம் முறை வைத்து, கிடைக்கும்படி இருக்க வேண்டும். அஜெண்டா கிடையாது. பதில் வேண்டியவர் கூப்பிடலாம், யாரும் கூப்பிடாவிட்டால் அவரவர் வேலையைப் பார்க்கலாம். நான்கு பேர், 45 நிமிடம், நாளைக்கு 3 மணி நேரம். தாழங்குடையின் 15 நிமிடக் காலுக்கும் இதே செலவுதான். ஆனால் சென்னையில் மற்ற ஐந்து பேர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

பனையோலை:

குளிர்காலம் என்று கவனமாகப் போட்டது நல்லது. மார்ச் இரண்டாவது ஞாயிறு அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி முன்னே போகும். அவர்களின் காலை 9 நமக்கு மாலை 6.30 ஆகிவிடும், நவம்பர் முதல் ஞாயிறு வரை. லண்டனிலும் ஆள் இருந்தால் இன்னும் வேடிக்கை: அவர்கள் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் 5 மணிக்குப் பதில் 4 மணி வித்தியாசம். அழைப்பை நியூயார்க்கில் இருப்பவர் போட்டிருந்தால் அவர் பக்கம் அசையாது, மற்ற இரண்டு ஊரின் காலண்டரும் நகரும். அதே நேரத்தில் இங்கே வேறு கிளையண்ட் மீட்டிங் உட்கார்ந்திருக்கும். பிப்ரவரியிலேயே மார்ச் காலண்டரைத் திறந்து பாருங்கள். டிக்கெட்டில் நேரம் எழுதும்போது "காலை 10" என்று விடாமல் எந்த ஊர்க் காலை என்று போடுங்கள்.

தாழங்குடை:

கருங்காலியின் பொது நேரத்துக்கு நான் தயார், ஒரு நிபந்தனையோடு. மாதம் விட்டு மாதம் நேரம் மாற வேண்டும். ஒரு மாதம் நமக்கு இரவு 7.30, அடுத்த மாதம் நமக்குக் காலை 7.30. அது அவர்களுக்கு முந்தைய நாள் இரவு 9, கோடையில் 10. எப்போதும் சென்னைதான் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுக்கும் என்றால் மூன்றாவது மாதம் குறிப்பும் எழுத மாட்டார்கள், காலுக்கும் வர மாட்டார்கள்.

வேலிக்காத்தான்:

நியூயார்க் இரவு 10 மணிக்கு உட்காருமா என்பதுதான் கேள்வி. கேட்டுப் பார்க்கலாம். "ஐ வில் ட்ரை" என்பார்கள்.