கொடிக்கயிற்றில் தேன்சிட்டுக் கூடு: செடிக்குத் தண்ணீர் விடலாமா?

கேள்வி: ஊருக்குப் போயிருக்கும் சித்தியின் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். மாடிக் கொடிக்கயிற்றில் சருகும் சிலந்தி வலையும் பின்னிய பை போன்ற கூடு. பக்கவாட்டில் வாசல், அதன்மேல் சின்னத் தாழ்வாரம். அடியில் பூந்தொட்டிகள். என்ன செய்ய?

பதில் 1: ஊதாப்பிட்டு தேன்சிட்டாக இருக்கலாம். பெரும்பாலும் 2 முட்டை; ஏறக்குறைய 2 வாரம் அடைகாக்கும். அந்தக் கயிற்றில் துணி போடாதீர்கள், கூடு குலுங்கும். ஹோஸ் பைப் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கூடு கனத்துத் தொய்யும். பறவை வெளியே போனதும் குவளையால் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள்.

பதில் 2: எறும்புதான் பெரிய ஆபத்து. கயிற்றின் இரு முனையிலும் விளக்கெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றுங்கள்.

பதில் 3: செம்பருத்தியில் மாவுப்பூச்சி தெரிந்தாலும் மருந்து அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும்தான் இரை, ஆணும் ஊட்டும்.