நேரவாரி மின்கட்டணம் எங்கள் வீட்டுக்குச் சரிவருமா?

கேள்வி: இலங்கையில் இருக்கிறோம். மின்சாரக் கார் வாங்கப்போகிறோம். சமையல், அயன், வெந்நீர் எல்லாம் மாலையில்தான். நேரவாரிக் கட்டணத்துக்கு மாறலாமா?

பதில் 1: ஒரு வாரம் காலை 5.30, மாலை 6.30, இரவு 10.30க்கு மீற்றரைக் குறித்து வையுங்கள். மூன்று இடைவெளிக்கும் வெவ்வேறு விலை, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரைதான் ஆகக் கூட, இரவு 10.30 முதல் காலை 5.30 வரை ஆகக் குறைவு. அலகுகளை அந்தந்த விலையால் பெருக்கி, நிலையான கட்டணத்தையும் கூட்டி, இப்போதைய பில்லோடு ஒப்பிடுங்கள்.

பதில் 2: 2 கிலோவாட் சார்ஜர் இரவு 10.30 முதல் 5.30 வரை 14 அலகு எடுக்கும். டைமர் கட்டாயம் வேண்டும். வேலையால் வந்தவுடனேயே சொருகினால் லாபமெல்லாம் போய்விடும். 3 கிலோவாட் ஹீட்டருக்கு அரை மணியில் ஒன்றரை அலகு; குளியலை விடிய 5 மணிக்கு மாற்றிப் பாருங்கள்.

பதில் 3: கார் வரும்வரை பொறுங்கள் அண்ணா. பிரிட்ஜை நம்பி மாற வேண்டாம், அது 24 மணியும் ஓடும்; மலிவு நேரம் 7 மணித்தியாலம்தானே. பாவனை குறைந்த வீட்டுக்குப் பொதுவாகப் படிமுறைக் கட்டணமே (பாவனை கூடக்கூட அலகு விலை ஏறும் முறை) மலிவு.