மலிவான கரி அடுப்பு: வாங்கியவர்களின் அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து:
கச்சான் காற்று வீசும் காலத்தில் வாங்கிய, மூடியுடன் கூடிய உருண்டை அடுப்பு அது. மாரி முடிந்து, வளவில் பாரை மீன் சுட்டுக்கொண்டிருந்தபோது அடித்தகடு இற்று, தணல் முழுவதும் மணலில் கொட்டியது. அருகில் நின்ற என் சின்ன மகளின் காலுக்கும் அந்தத் தணலுக்கும் இடையே ஒரு சாண்தான் இருந்தது. அந்த ஒரு சாண் இன்னமும் என் கண்ணை விட்டு அகலவில்லை. கடையில் பூச்சின் பளபளப்பைப் பார்க்காமல், அடித்தகட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். நெளிந்தால் வாங்க வேண்டாம்.

நிலாவெளியிலிருந்து:
அண்ணா, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதது பெரிய ஆறுதல். ஆனால் தகட்டை மட்டும் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சாம்பல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கடற்காற்றின் உப்பும் அதனோடு சேர்ந்தால் தடித்த இரும்பையும் துரு தின்றுவிடும். என்னுடையதும் மெல்லிய தகடுதான். ஆறியவுடன் சாம்பலை அள்ளிவிட்டுத் தாழ்வாரத்தில் கவிழ்த்து வைப்பதால் இன்றும் உழைக்கிறது. என்னை உறுத்துவது வேறொன்று. உறவினர் வீட்டில், கீழ்க் காற்றுத்துளையை மூட வழியில்லாத அடுப்பில் அறக்குளாத் துண்டுகளை வைத்தோம். ஒரே வீச்சுக் காற்றில் தணல் சுவாலையாகி, மீன் வெளியே கருகி, முள்ளருகே பச்சையாகவே இருந்தது. துளையைத் திறந்து மூட முடியாத அடுப்பு எவ்வளவு மலிவானாலும் நம் கடற்கரைக்கு உதவாது.

கிண்ணியாவிலிருந்து:
நாங்கள் 200 லீற்றர் இரும்புப் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து செய்வித்தோம். முதல் நெருப்பில் பழைய பூச்சு எரிந்து எழுந்த கரும்புகையைக் கண்ட உம்மா, அதில் இறைச்சியே வைக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார். அவர் சொன்னதே சரி: பூச்சு முழுவதும் எரிந்து தீரும்வரை வெறும் நெருப்பு மட்டுமே போட வேண்டும். நிலாவெளித் தங்கச்சி சொன்ன துளைக்கு, திருப்பி மூடக்கூடிய ஒரு தகட்டுத் துண்டே போதும்.

செய்விப்பவர்கள், பீப்பாயில் முன்பு என்ன இருந்தது என்று கட்டாயம் கேளுங்கள். பூச்சிமருந்து இருந்ததைத் தொடவே வேண்டாம். எரிபொருள் இருந்ததென்றால், உள்ளே தங்கிய ஆவி வெட்டும்போது வெடிக்கக்கூடும். துத்தநாகம் பூசிய கம்பிவலையைத் தட்டாக வைக்காதீர்கள். சூட்டில் அதிலிருந்து எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். வெட்டிச் செய்ததென்று தாழ்வாக நினைக்கவும் வேண்டாம்: கடையில் விற்கும் உருண்டை அடுப்பின் முன்னோடியே, 1952இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஸ்டீபன் ஓர் உலோக மிதவையை வெட்டிச் செய்ததுதான். சிரட்டைக்கரியை ஒரு பக்கமாக மட்டும் பரப்பினால், சுவாலை எழும்போது இறைச்சியை மறுபக்கம் நகர்த்தலாம். மழை வந்தாலும் அடுப்பைக் குசினிக்குள் எடுத்துச் செல்லாதீர்கள். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமே இல்லை.