குடல் வெறும் குழாயாம்!

சேர்வராயன்: பி.பி. மாத்திரையோடு கிரேப்ஃப்ரூட் சாப்பிடலாமா என்று நேற்று ஒருவர் கேட்டார். நம் மருந்துக்கடைக்காரர், 'மருந்தை உடைப்பது கல்லீரல், குடல் வெறும் குழாய், தாராளமாகச் சாப்பிடுங்க' என்று அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். குழாயாம்! கனடாவில் ஃபெலோடிபின் என்ற பி.பி. மருந்தை மதுவோடு கொடுத்துப் பார்த்த ஆய்வில், மதுவின் ருசியை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாற்றைக் கலந்தார்கள். ரத்தத்தில் மருந்து எகிறியது. வேலையைக் காட்டியது மது இல்லை, சாறு. 1991இல் லான்செட் மருத்துவ இதழிலேயே வந்தாயிற்று. அதே மருந்தை ஊசியில் ஏற்றினால் சாறு பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஏனென்றால் அது முடக்குவது குடல் சுவரிலுள்ள, மருந்தை உடைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியை.

மருந்துக்கடை: கல்லீரலில் இருக்கும் சிஒய்பி3ஏ வகை நொதியின் அளவில் குடலில் இருப்பது சுமார் ஒரு சதவீதம்ங்க. ஒரு சதவீதம்! அப்பா காலத்திலிருந்து கடை நடத்துகிறோம், எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

சேர்வராயன்: இருக்கட்டும். விழுங்கிய மருந்து அந்த ஒரு சதவீதத்தைத் தாண்டித்தானே ரத்தத்துக்குப் போகணும்? கல்லீரல் மாற்று அறுவையில் பழையதை எடுத்து, புதியது வேலை செய்யத் தொடங்குவதற்குள் சைக்ளோஸ்போரின் என்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் குடலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். கல்லீரலே இல்லை, ஆனாலும் மருந்து உருமாறி ரத்தத்துக்கு வந்தது. உங்கள் குழாய்தான் மாற்றியதா?

மருந்துக்கடை: ஒரு சதவீதம்.

அம்மாபேட்டை அக்கா: தம்பி, பம்ப்ளிமாஸும் அதுவும் ஒன்றா? ஏற்காட்டிலிருந்து கொழுந்தனார் கொண்டுவந்தது ஃப்ரிட்ஜில் கிடக்கிறது.

சேர்வராயன்: பம்ப்ளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்ததுதான் கிரேப்ஃப்ரூட், அக்கா. நொதியை முடக்கும் ஃபுரானோகூமரின் பம்ப்ளிமாஸிலும் உண்டு. காலையில் பழம், ராத்திரி மாத்திரை என்று பிரித்தாலும் தப்ப முடியாது. முடங்கிய நொதிக்குப் பதிலாகக் குடல் புதிது செய்தாகணும். எல்லா மாத்திரைக்கும் இந்தத் தொல்லை இல்லை. டாக்டரிடம் கேளுங்க, கடையில் கேட்காதீங்க.

மருந்துக்கடை: கடையில் கேட்காதீங்களா! நம்ம சேலத்துத் தட்டுவடை செட்டில் பீட்ரூட் கூடாது என்று ஊரோடு சண்டை போட்டவர்தானே நீங்க? காபியின் கஃபீனை உடைக்கும் சிஒய்பி1ஏ2 நொதி எங்கே இருக்கிறது? கல்லீரலில்! சொல்லுங்க, குடலிலா?

சேர்வராயன்: அதைத்தானே கத்திக்கொண்டிருக்கிறேன்! உறுப்புக்கு உறுப்பு சரக்கு வேறு. 1ஏ2 கல்லீரலில். அதன் பங்காளி 1ஏ1 நுரையீரலில், அதுவும் பீடி சிகரெட் பிடிக்கிறவர்களுக்குக் கூடுதலாக. மருந்தை உருமாற்றும் இன்னொரு நொதி யுஜிடி1ஏ10 குடலில் உண்டு, கல்லீரலில் கிடையாது. அதற்கு எத்தனை சதவீதம் போடுவீங்க?

குகை குசும்பன்: காபித் தோட்டக்காரர் காபிப் பேச்சு வந்ததும் குஷியாகிவிட்டார். அது கிடக்கட்டும், பீட்ரூட் இல்லாமல் என்னய்யா செட்டு?

சேர்வராயன்: கேரட், வெங்காயம், சட்னி போதும். பீட்ரூட் போட்டால் எல்லாம் சாயப்பட்டறைதான்.

அம்மாபேட்டை அக்கா: எங்கள் தெருக்கடையில் பீட்ரூட்தான் போடுகிறார்கள், யாரும் செத்துப்போகவில்லை.

மருந்துக்கடை: அக்கா சொன்னதுதான் சரி. அப்புறம், ஒரு சதவீதம்.

சேர்வராயன்: அந்த ஃபெலோடிபின் கேள்விக்குப் பதில் எங்கே?

குகை குசும்பன்: பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்க, செட்டு வாங்கித் தருகிறேன். பீட்ரூட்டோடு.